மரக்காலைத் தூக்கிப் பார்!

நாற்பது பக்க ஒப்பந்தம் ஒன்று மேஜைக்கு வருகிறது. முதல் பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் தொகை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கான கோடு. நடுவே பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக விதிகள், வாய்பாடுகள். "இதெல்லாம் நமக்கு எங்கே புரியப்போகுது, வக்கீல் பார்த்துக்குவார்" என்று சொல்லிக்கொண்டே பேனாவின் மூடியைத் திறக்கிறார் ஆலையின் மேலாளர். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. தம்பி, தங்கையே, ஆலையின் மின்பிரிவில் நிற்கிறவர்களே, கேளுங்கள். வக்கீலுக்குச் சட்டம் தெரியும். உன் கம்ப்ரசர் எத்தனை மணிக்கு ஓட ஆரம்பிக்கிறது, வியாழக்கிழமை மட்டும் ஏன் லோடு இறங்குகிறது என்பது உனக்குத்தான் தெரியும். அந்த நாற்பது பக்கத்தில் பணத்தை முடிவு செய்வது கூட்டலும் கழித்தலும் வகுத்தலும். அவற்றை நீ ஐந்தாம் வகுப்பிலேயே படித்து முடித்துவிட்டாய். பிறகு எதற்குப் பயம்?

நான் சொல்வது டிமாண்ட் ரெஸ்பான்ஸ் ஒப்பந்தத்தை. கோடைகால மாலையில் ஊரே ஏ.சி. போடும்போது மின்தொகுப்பு திணறும். வருஷத்தில் சில மணி நேரம் மட்டும் வரும் அந்தத் திணறலுக்காகப் புதிதாக ஒரு மின்நிலையம் கட்டுவதைவிட, "கொஞ்ச நேரம் இயந்திரத்தை நிறுத்துங்கள், பணம் தருகிறோம்" என்று பயனாளர்களிடமே கேட்பது மலிவு. அமெரிக்காவில் இது பெரிய வியாபாரமாகிப் பல காலம் ஆயிற்று. 13 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் மின்சந்தை நடத்தும் பி.ஜே.எம்., கலிஃபோர்னியாவின் காய்சோ, நியூயார்க், நியூ இங்கிலாந்து என்று எல்லா இடத்திலும் நடக்கிறது. தென்கொரியா 2014 நவம்பரில் இதற்கென்றே சந்தை திறந்தது. பிரிட்டனில் 2022-23 குளிர்காலத்தில் வீடுகளையே அழைத்தார்கள். சோதனை அழைப்புகளில் குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 3 பவுண்டு உத்தரவாத விலை வைத்தார்கள். துணி துவைப்பதை இரவுக்குத் தள்ளியதற்குக் காசு!

சரி, குறைத்ததை எப்படி அளப்பது? ஓடிய மின்சாரத்தை மீட்டர் காட்டும். ஓடாத மின்சாரத்தைக் காட்டும் மீட்டரை இதுவரை யாரும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. ஆகவே கணக்கு ஒரு கற்பனைக் கேள்வியில் தொடங்குகிறது: அழைப்பே வராமல் இருந்திருந்தால், இந்த ஒரு மணி நேரத்தில் இந்த ஆலை எவ்வளவு இழுத்திருக்கும்? அந்த விடைக்குப் பேஸ்லைன் என்று பெயர். பேஸ்லைனிலிருந்து மீட்டர் காட்டியதைக் கழித்தால் உன் குறைப்பு. அதை விலையால் பெருக்கினால் உன் பணம். மீட்டர் உன் சுவரில் தொங்குகிறது. விலையைச் சந்தை சொல்கிறது. மூன்றாவதான பேஸ்லைனை மட்டும் யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து விதியாக எழுதியிருக்கிறார்கள்.

நெல் அளக்கும் களத்தில் குவியலின் உயரத்தைப் பார்த்து மகிழ்ந்த குடியானவன் ஏமாந்தான். மரக்காலைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தவன் பிழைத்தான். முதல் பக்கத்தின் தொகை வெறும் குவியல். இந்த ஒப்பந்தத்தின் மரக்கால் பேஸ்லைன் விதி. கையை உள்ளே விடு. ஒரு பென்சிலும் துண்டுச் சீட்டும் போதும்.

உதாரணத்துக்கு ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். மாலை 4 முதல் 5 மணி வரை அதன் லோடு திங்கட்கிழமை 820 கிலோவாட், செவ்வாய் 900, புதன் 860, வியாழன் 610, வெள்ளி 880. வியாழனன்று பாய்லர் பராமரிப்பு, அதனால் இறக்கம். அடுத்த திங்களன்று 4 மணிக்கு அழைப்பு வருகிறது. நீ 500 கிலோவாட்டுக்கு இறக்குகிறாய். எவ்வளவு குறைத்தாய்?

ஐந்து நாளையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 814. ஆகவே குறைப்பு 314. ஆனால் பி.ஜே.எம். சந்தையின் வழக்கமான விதி வேறு: கடைசி ஐந்து வேலை நாளில் மிகக் குறைந்த நாளைத் தள்ளிவிட்டு, மீதி நான்குக்குச் சராசரி எடு. வியாழன் போய்விட்டது. 820, 900, 860, 880 - சராசரி 865. குறைப்பு 365. அதே ஆலை, அதே திங்கள், அதே உழைப்பு. விதியில் ஒரு வரி மாறியதால் மணிக்கு 51 யூனிட் வித்தியாசம்! தென்கொரியாவும் ஜப்பானும் இந்த ஐந்தில் நான்கு முறையையே எடுத்துக்கொண்டன. கலிஃபோர்னியாவில் ஆலை, கடை போன்றவற்றுக்கு வழக்கம், கடைசிப் பத்து நாளையும் அப்படியே சராசரி எடுப்பது. பராமரிப்பு நாளையும் அது விழுங்கிவிடும். நியூயார்க்கில் கடைசிப் பத்தில் உயர்ந்த ஐந்தை எடுப்பார்கள். எந்த முறை நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உன் லோடு நாளுக்கு நாள் ஒரே சீராக இருந்தால் எல்லாம் ஒன்றுதான். மேலும் கீழுமாக ஆடினால்தான் விதி உன்னைக் கடிக்கும், அல்லது காப்பாற்றும். உன் லோடு ஆடுகிறதா இல்லையா என்று வக்கீலால் சொல்ல முடியுமா? நீ சொல்லலாம். அந்த அதிகாரத்தை ஏன் விட்டுக்கொடுக்கிறாய்?

இன்னும் ஆழத்துக்கு வா. எந்த நாட்கள் கணக்கில் சேராது என்று ஒரு பகுதி இருக்கும். விடுமுறை சேராது, ஏற்கெனவே அழைப்பு வந்த நாள் சேராது. லோடு மிக மிகக் குறைந்த நாளும் சேராது, பி.ஜே.எம். அதற்கு 25 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது, சராசரியில் கால் பங்குக்கும் கீழே விழுந்த நாளைத் தள்ளிவிட்டு இன்னும் பின்னால் போய் வேறொரு நாளைத் தேடும். நம் வியாழக்கிழமையின் 610 அந்த எல்லைக்குள் விழாது. வருஷாந்தரப் பராமரிப்புக்கு ஆலையையே மூடினால் விழும். உன் ஒப்பந்தத்தில் இந்த வரி இருக்கிறதா? ஆயுத பூஜைக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஆலை மூடிக் கிடந்த நாள் பேஸ்லைனுக்குள் நுழையுமா? இதைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம். வாயைத் திறக்கும் தைரியம் வேண்டும்.

இப்போது நான் மிகவும் முக்கியம் என்று கருதும் இடம். நல்லவர்கள் அடிவாங்கும் இடம் இதுதான்.

கடந்த வாரத்துச் சராசரி இன்றைய வெயிலைச் சொல்லாது. ஆகவே அழைப்பு நாளின் சில மணி நேர லோடைப் பார்த்துப் பேஸ்லைனை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். இதுதான் சரிக்கட்டல். பி.ஜே.எம். முறையில் அழைப்புக்கு நான்கு மணி நேரம் முன்பு ஆரம்பித்து மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். நம் உதாரணத்தில் பகல் 12 முதல் 3 வரை. அந்த நேரத்தின் பேஸ்லைன் 870 என்று வைத்துக்கொள். திங்களன்று வெயில் கொளுத்தியதால் 930 ஓடியது. 60 கூடுதல். ஆக மாலைப் பேஸ்லைன் 865 என்பது 925 ஆகிறது. உன் குறைப்பு 425. நியாயம்தானே?

மறுபக்கம் பார். அழைப்பு வரப்போகிறது என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. நீ பொறுப்பானவன். "கடைசி நிமிஷத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினால் சரக்கு கெடும், பகலிலிருந்தே படிப்படியாக இறக்குவோம்" என்று 12 மணிக்கே இயந்திரங்களை நிறுத்த ஆரம்பிக்கிறாய். 12 முதல் 3 வரை லோடு 700. பேஸ்லைன் 870-க்கு 170 குறைவு. அந்த 170-ஐ மாலைப் பேஸ்லைனிலிருந்தும் கழிப்பார்கள். 865 என்பது 695 ஆகிவிடும். மாலையில் நீ அதே 500-க்கு இறங்கினாலும் உன் பெயரில் ஏறுவது 195 மட்டும்! நீ அதிக நேரம் நிறுத்தினாய், அதிகம் உதவினாய், பாதிதான் கிடைத்தது. யாரும் உன்னை ஏமாற்றவில்லை. நீ படிக்காத ஒரு வரி உன் உழைப்பைத் தின்றுவிட்டது.

இதற்கு மருந்து உண்டு, அதுவும் ஒப்பந்தத்திலேயே உண்டு. சரிக்கட்டும் நேரம், முன்னறிவிப்பு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்று கேள். அது முடியாதென்றால், சரிக்கட்டலுக்கு ஓர் உச்சவரம்பு கேள். கலிஃபோர்னியாவின் அந்தப் பத்து நாள் முறையில் அது மேலே 20 சதவீதம், கீழே 20 சதவீதம். இரண்டும் கிடைக்கவில்லையா? அப்படியானால் எத்தனை மணிக்கு முன்னால் இயந்திரத்தைத் தொடக்கூடாது என்பதையாவது தெரிந்துகொண்டு ஷிப்ட் சூப்பர்வைசரின் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போடு. தெரிந்தவனுக்கு நஷ்டமில்லை.

"அப்படியென்றால் அந்த மூன்று மணி நேரத்தில் சும்மா லோடை ஏற்றிவிட்டால் பேஸ்லைன் உயருமே?" என்று ஒரு குறுக்குப் புத்தி எட்டிப் பார்க்கும். அதை அங்கேயே மிதித்து நசுக்கு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரம்ஃபோர்டு காகித ஆலைக்குச் சொந்தமாக ஜெனரேட்டர்கள் இருந்தன. தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் ஆலை அது. 2007-இல் நியூ இங்கிலாந்தின் திட்டத்தில் சேர்ந்து பேஸ்லைன் எடுக்கும் நாட்களில் தன் உற்பத்தியைக் குறைத்து வெளியிலிருந்து மின்சாரம் வாங்கியது. பிறகு வழக்கம்போல ஜெனரேட்டரை ஓட்டியதையே "குறைப்பு" என்று காட்டிப் பணம் பெற்றது என்பது அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் குற்றச்சாட்டு. அழைப்பை ஏற்ற நாட்கள் பேஸ்லைனில் சேராது என்ற விதியால் அந்த உயர்ந்த பேஸ்லைன் அப்படியே உறைந்து நின்றதாகவும் ஆணையம் சொன்னது. 2013-இல் சமரசம் ஆயிற்று. ஆலை குற்றத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் 1 கோடி டாலர் அபராதத்துக்கும், பெற்ற தொகையில் 28 லட்சம் டாலருக்கும் மேலே திருப்பித் தருவதற்கும் ஒப்புக்கொண்டது. ஒரு விதியின் ஓட்டை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மீட்டரின் பதிவு அழியாது, தம்பி. வருஷங்கள் கழித்தும் அது சாட்சி சொல்லும். நேர்மையாகக் கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு அந்தப் பதிவே அரண்.

இவ்வளவு பாடு எதற்கு என்று நினைக்காதே. நீ உபயோகிக்காமல் விடும் மின்சாரத்துக்கு என்ன மதிப்பு என்று பெரிய போரே நடந்திருக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 745 என்ற எண்ணிட்ட ஓர் ஆணையைப் போட்டது: உரிய சோதனையில் தேறினால், ஒரு யூனிட்டை உற்பத்தி செய்தவருக்கு என்ன சந்தை விலையோ, அதே விலையை ஒரு யூனிட்டைக் குறைத்தவருக்கும் கொடு. மின்உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். வழக்குப் போட்டார்கள். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையைத் தூக்கி எறிந்தது. இனி அவ்வளவுதான் என்று பலர் நினைத்தார்கள். 2016 ஜனவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் ஆணையை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலினா கேகன். கோடி கோடியாய்க் கொட்டிக் கட்டிய மின்நிலையத்தின் யூனிட்டும், ஷிப்ட் சூப்பர்வைசர் ஒரு சுவிட்சை இறக்கி மிச்சப்படுத்திய யூனிட்டும் ஒரே விலை! அந்தச் சமமரியாதையை வழக்காடி வாங்கியிருக்கிறார்கள். நீயோ வாய்பாட்டைப் படிக்கச் சோம்பல்பட்டு அதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போகிறாய்.

தொகையும் சின்னதல்ல. குறைக்கத் தயாராக இருப்பதற்கே தனியாகப் பணம் உண்டு. கொள்திறன் சந்தை என்பார்கள். 2024 ஜூலையில் நடந்த பி.ஜே.எம். ஏலத்தில் பெரும்பாலான பகுதிகளுக்கு ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 269.92 டாலர் என்று விலை படிந்தது. முந்தைய ஏலத்தில் அது வெறும் 28.92. சந்தை தன் கணக்கில் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் வருஷத்துக்கு ஏறக்குறைய 98,500 டாலர், நடுவில் நின்று பல ஆலைகளை ஒரு கட்டாக விற்கும் திரட்டு நிறுவனத்தின் பங்கு போக.

ஆனால் இங்கே வாக்குறுதியின் உருவம் வேறு, கவனி. "என் வழக்கத்திலிருந்து இவ்வளவு குறைப்பேன்" என்பது ஒரு வாக்கு. "அழைத்தால் இந்த அளவுக்குக் கீழே இறங்கி நிற்பேன்" என்பது வேறொரு வாக்கு. இரண்டாவதில் உன் தொடக்கப் புள்ளி, போன கோடையில் ஊரே உச்சத்தில் இருந்த ஐந்து மணி நேரத்தில் நீ எவ்வளவு இழுத்தாய் என்பது. அந்த ஐந்து மணி நேரத்தில் தற்செயலாக உன் ஆலை மூடிக் கிடந்தால் விற்க உன்னிடம் ஒன்றுமே இராது. 2022 டிசம்பர் 23, 24-இல் எலியட் என்ற குளிர்ப்புயல் அடித்தபோது பி.ஜே.எம். அழைப்பு விட்டது. கைகொடுத்தது எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்கள், பல இடங்களில் லோடு ஏற்கெனவே இறங்கிக் கிடந்தது. காகிதத்தில் இருந்த மெகாவாட் களத்தில் இல்லை. உன் ஆலை எந்த மாதத்தில், எந்த நாளில், எந்த நேரத்தில் எவ்வளவு இறங்க முடியும் என்று உனக்குத் தெரியாமல் நீ போடும் கையெழுத்தும் அப்படிப்பட்ட மெகாவாட்தான். பிறகு அபராதப் பக்கம் வாய் திறக்கும்.

திரட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் நான் விரல் வைத்துக் காட்டும் வரிகள் சில உண்டு. ஒரு மணி நேரத்தில் நீ பேஸ்லைனைத் தாண்டி இழுத்துவிட்டால் அது பூஜ்யமா, அல்லது நீ சம்பாதித்த மற்ற மணி நேரங்களிலிருந்து கழிக்கப்படுமா? பத்து ஆலைகளை ஒரு கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள். அதில் இரண்டு ஆலை தவறினால், ஒழுங்காகச் செய்த உன் பங்கு குறையுமா? கணக்குக்கு எடுக்கும் மீட்டர் பதிவு 15 நிமிஷமா, ஒரு மணியா, அதன் நகல் உனக்கு எத்தனை நாளில் வரும்? வந்த கணக்கு தப்பென்றால் எத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்? டீசல் ஜெனரேட்டரை ஓட்டிக் குறைத்துக் காட்டலாமா? அமெரிக்காவில் அவசரகால ஜெனரேட்டர்களை இதற்காக வருஷத்துக்கு 100 மணி நேரம் ஓட்டலாம் என்றிருந்த சலுகையை 2015-இல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதை நம்பி வாக்குக் கொடுத்தவர்கள் கையைப் பிசைந்து நின்றிருப்பார்கள். இந்த ஐந்து கேள்வியையும் உரக்கக் கேள். பதில் சொல்லத் தயங்குகிற நிறுவனத்தோடு உனக்கு என்ன வேலை?

இங்கே நம் பக்கமும் காலம் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2023 ஜூனில் ஒன்றிய அரசு மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது: 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு நேரத்துக்கு ஒரு விலை, உச்ச நேரத்தில் வழக்கமான கட்டணத்தைப் போல் குறைந்தது 1.2 மடங்கு, 2024 ஏப்ரலுக்குள் இது நடைமுறைக்கு வர வேண்டும் என்றது. ஸ்மார்ட் மீட்டர்கள் சுவரேறத் தொடங்கிவிட்டன. நேரவாரியாக அளக்கும் மீட்டர் வந்த இடத்தில், குறைத்ததற்குப் பணம் என்ற பேச்சும் வரும். அப்போது நாற்பது பக்கத்தோடு ஒருவர் உன் எதிரில் வந்து உட்காருவார். அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு நீ குனியப் போகிறாயா? அவருக்கு உன் லோடு தெரியாது. உன் ஆலையின் இரும்பும் எண்ணெயும் வாடையடிக்கும் உண்மையை அறிந்தவன் அந்த அறையில் நீ ஒருவன்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன சனத்தில் பிறந்தவன் நீ. நிமிர்ந்து உட்கார்!

ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்காதே. நாளைக் காலையில் மீட்டர் அறைக்குப் போ. கடைசி 10 வேலை நாளின் மாலை 4 முதல் 8 மணி வரையான பதிவை எடு. நாள் ஒன்றுக்கு ஒரு வரியாக எழுது. பத்தையும் கூட்டிச் சராசரி போடு. பிறகு கடைசி ஐந்தை மட்டும் எடுத்து, அதில் தாழ்ந்ததை அடித்துவிட்டு மறுபடி போடு. இரண்டு எண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார். எந்த நாள் எதனால் இறங்கியது என்று பக்கத்தில் குறித்துவை: பராமரிப்பு, ஆர்டர் இல்லை, மழை, ஆள் வரவில்லை. எந்த இயந்திரத்தை எத்தனை நிமிஷம் நிறுத்தினால் சரக்கு கெடாது என்று ஃபிட்டரையும் ஆபரேட்டரையும் கேட்டு அடுத்த பத்தியில் எழுது. அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போ. அவர்கள் திரையில் வரைபடம் காட்டி உன் பேஸ்லைன் இது என்று ஓர் எண்ணைச் சொன்னதும், தாளை மேஜைமேல் விரித்து வைத்துக் கேள்: "எந்தெந்தத் தேதிகளை எடுத்தீங்க? ஒவ்வொண்ணா சொல்லுங்க, நான் சரிபார்க்கிறேன்."